கிளிக்கு வேண்டிய பொந்து



தலைநகர் தில்லியிலும் அதன் புறநகர்களிலும், அந்தி சாயும் வேளையில் பச்சைக்கிளிகள் கூட்டங்கூட்டமாகக் கூவிக்கொண்டு, இரவில் அடையும் மரங்களை நாடிச் செல்வது அன்றாடக் காட்சியாகும். வேம்பும் நாவலும் அரசும் நிறைந்த சாலைகள் அவற்றிற்கு உணவும் உறைவிடமும் அளிக்கின்றன.

கிளி சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும் பறவையன்று. முதிர்ந்த மரத்தில் மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து கைவிட்ட பொந்தையும், பழங்கட்டடச் சுவரின் துளையையும் அது நாடுகிறது. வட இந்தியாவில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அது முட்டையிடும் காலம். சாலையை அகலப்படுத்தவும் குடியிருப்புகளை எழுப்பவும் முதிர்ந்த மரமொன்று வீழ்த்தப்படும்போது, பல தலைமுறைக் கிளிகளின் இல்லம் மறைந்துவிடுகிறது. ஈடாக நடப்படும் கன்றில் பொந்து உண்டாகப் பல்லாண்டுகள் ஆகும்.

எஞ்சிய பொந்துகளிலிருந்தும் குஞ்சுகள் களவாடப்பட்டுக் கூண்டுகளை அடைகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். வாங்குவோர் இல்லையேல் பிடிப்போரும் இரார்.

தானியத்தையும் கனிகளையும் கிளி கடித்துப்போட்டு வீணாக்குவது உண்மையே; உழவரின் குறை நியாயமானது. எனினும் ஒலியெழுப்பி விரட்டியும், பழமரங்களை வலையால் மூடியும் விளைச்சலைக் காக்க இயலும்.

புறநகர்த் திட்டம் வகுப்போர் முதிர்ந்த மரங்களை முதலில் கணக்கெடுத்து, அவற்றிற்கு இடம்விட்டுச் சாலைகளை அமைப்பார்களாயின், மக்களுக்கு நிழலும் கிளிகளுக்கு இல்லமும் ஒருங்கே கிட்டும்.