யாரை நம்பி நடப்பது?



பட்டமளிப்பு மேடையில் ஏறுகிறவர்கள் ‘கனவு காணுங்கள்’ என்று சொல்லிவிட்டு இறங்குவது வழக்கம். இன்று பட்டம் பெறும், பரீட்சைக் காலத்தில் நித்திரையே கொள்ளாத உங்களிடம் கனவைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆகவே கெட்ட கனவுகளைப் பற்றிப் பேசுகிறேன். விரிவுரைக் குறிப்புகளுக்கு அடியில் ஒளித்துவைத்து நீங்கள் படித்தீர்களே, டிஸ்டோப்பியா நாவல்கள், அவற்றைப் பற்றி. அவற்றில் வருகிற 15, 16 வயதுப் பெண்பிள்ளைகளைப் பற்றி.

சுசான் காலின்ஸ் எழுதிய ‘ஹங்கர் கேம்ஸ்’ 2008இல் வெளிவந்தது. புத்தகம் படிக்காதவர்கள் படமாவது பார்த்திருப்பீர்கள். 12 மாவட்டங்கள். ஒன்றில் நிலக்கரி, ஒன்றில் மீன், ஒன்றில் பயிர்பச்சை. விளைவது எல்லாம் தலைநகருக்கு. ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று 24 பிள்ளைகளைப் பிடித்து ஒரு களத்தில் விடுவார்கள். கடைசி ஆள் மிஞ்சும்வரை கொலை நடக்கும், நாடே தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும். காட்னிஸ் என்ற 16 வயதுப் பெண் அதில் பிழைக்கிறாள். அவள் வில்லைத்தான் எல்லோரும் சிலாகிக்கிறார்கள். சுவரொட்டியிலும் வில்தான். அந்த நாவலின் உயிர் வில்லில் இல்லை என்பது என் கட்சி.

ரூ என்று ஒரு சிறுமி வருகிறாள், 12 வயது, 11ஆம் மாவட்டத்துத் தோட்டக்காரப் பிள்ளை. காட்னிஸ் மரத்தின்மேல் அகப்பட்டுத் தவிக்கும்போது, பக்கத்து மரத்திலிருந்து சத்தமில்லாமல் கையைக் காட்டி, மேலே தொங்கும் குளவிக்கூட்டை அடையாளம் சொல்கிறவள் அவள்தான். பிறகு இருவரும் பங்கிட்டுச் சாப்பிடுகிறார்கள். தங்கள் ஊரில் கொய்யும் பழத்தைத் தின்றால் சவுக்கடி விழும் என்று ரூ சொல்கிறாள். காட்னிஸுக்கு அப்போதுதான் ஒன்று உறைக்கிறது: ஒரு மாவட்டத்தார் பாடு இன்னொரு மாவட்டத்தாருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக இந்தப் பேச்சைத் தலைநகரம் ஒளிபரப்பாமலே விடக்கூடும். வேலை முடிந்தது என்று தோட்டத்துக்கு அறிவிக்க ரூ பாடும் மெட்டு ஒன்று உண்டு. நாலே நாலு சுரம். பறவைகள் அதை வாங்கி மரத்துக்கு மரம் கடத்துகின்றன. ரூ இறந்ததும் அவளுடைய மாவட்டத்துச் சனங்கள் தங்கள் வயிற்றைக் கட்டி, அந்நிய மாவட்டத்துப் பெண்ணான காட்னிஸுக்கு ரொட்டி அனுப்புகிறார்கள். அரசாங்கத்தின் அஸ்திவாரம் ஆட்டம் காண்பது அந்த ரொட்டியில்தான்.

இதைப் படித்தபோது எனக்குக் கண்டிக்குப் பக்கத்து ஹந்தானை மலைதான் கண்ணில் நின்றது. கண்டிச் சீமையில் இந்தக் கதையை நாவலாசிரியர் யாரும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. தோட்டத் துரைமார் கணக்குப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கம்பளைப் பக்கம் 1820களில் கோப்பி போட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த சனம் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுக்குள் நடந்து கண்டிக்கு வந்தது. காய்ச்சலும் வாந்திபேதியும் வழியெங்கும் ஆட்களை எடுத்தன. கோப்பிச் செடிக்கு 1869இல் நோய் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டிருந்தார். பயிர் மாறியது, கணக்கு மாறவில்லை. ஆள் சேர்க்கும் கங்காணி ஊரில் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, கம்பளி எல்லாம் ஆளின் பேரில் கடன். ஒரு குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று எழுதிய கடுதாசி அது. கட்டுகிற தோட்டம் ஆட்களோடு கடனையும் எடுத்துக்கொள்ளும். 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

அமெரிக்காவின் கறுப்பின எழுத்தாளர் ஒக்டேவியா பட்லர் 1993இல் ‘பாரபிள் ஆஃப் த சோவர்’ என்ற நாவலை எழுதினார். கதை 2024இல் தொடங்குகிறது; அந்த வருடத்தை நாம் கடந்தே வந்துவிட்டோம். லோரன் என்ற பெண்ணுக்குத் தொடக்கத்தில் 15 வயது. ஊர்மதில் ஒருநாள் உடையும் என்று தெரிந்து, விதைகளையும் தண்ணீரையும் பையில் கட்டி வைத்திருக்கிறாள். மதில் உடைகிறது, குடும்பம் போகிறது. ஆண் வேடம் போட்டுக்கொண்டு வடக்கே நடக்கிறாள். வழியில் ஒவ்வொருவராகச் சேர்க்கிறாள். அப்படிச் சேர்கிறவர்களில் ஒருத்தி எமெரி. தோட்டக் கம்பெனியிடம் பட்ட கடனுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்து, மிஞ்சிய மகளோடு ஓடி வருகிறவள். கலிபோர்னியாவின் எதிர்காலம் என்று பட்லர் எழுதியதை எங்கள் பாட்டிமார் கடந்தகாலமாகச் சொன்னார்கள்.

தமிழும் சும்மா இருக்கவில்லை. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935இல் வந்தது. ஆர்வெலின் ‘1984’ வர இன்னும் 14 வருடம் இருந்தது. வாசவன்பட்டி மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சீரழிகிற கதை அது. அதை நாம் யதார்த்தவாதம் என்ற அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம். மருதிக்குத் தைரியம் குறைவில்லை. பக்கத்து மரத்திலிருந்து கையைக் காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அப்படி ஓர் ஆள் நிஜத்தில் வந்தார். தோட்டம் என்பது அன்று அடைத்த உலகம். பாதை துரையுடையது, குடியிருந்த லயம் துரையுடையது, வெளியாள் காலடி வைத்தால் அத்துமீறல். தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போய் நிலைமையைப் பார்த்தார் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. 1931இல் அட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியதும் அவர்தான். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அது அநியாயம். கூட்டத்தில் முதலில் பாடுகிறவர் அவர். பாரதி பாட்டும் பாடுவார், தானே கட்டியதும் பாடுவார். மெட்டு சனங்களுக்குப் பழகிய மெட்டு. பொருளோ சம்பளமும் உரிமையும். 1940இல் பாட்டுகளை அச்சுப் புத்தகமாகவே போட்டார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் கூட்டத்துக்கு வந்து, மெட்டை மனசில் வாங்கிக்கொண்டு திரும்பினால், மறுநாள் அது கொழுந்து மலையில் நிரைக்கு நிரை தாவும். பேச்சாளரைக் கங்காணி கேற்றில் மறிக்கலாம். பெண்கள் வாய்க்குள் முணுமுணுக்கிற பாட்டை எந்தக் கேற்றில் மறிப்பது? ரூவின் நாலு சுரத்துக்கு 70 வருடம் முன்னாலேயே அதே வேலையை எங்கள் மலையில் ஒரு பெண் செய்து காட்டிவிட்டார்.

சேர்க்கை என்பது மேடையில் மட்டும் நடப்பதில்லை. தோட்டப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்த காலத்தில், அந்தி நேரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கமாக நான் நடந்து போவதுண்டு. புதிதாகப் பேர் பதிந்த ஒரு பிள்ளை வரிசையில் நிற்கும். இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து கனக்கும், காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் வடியும். கூடையில் கொழுந்து குறைவு. நிறுத்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். முன்னால் நிற்கும் பெரியம்மா திரும்பிப் பார்க்க மாட்டார். கணக்கப்பிள்ளை மறுபக்கம் குனிகிற நேரத்தில், தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளிப் பின்னால் போடுவார். பிறகு இன்னொரு கை. அந்தப் பிள்ளைக்கு முழுப்பேர் விழும். ‘நன்றி’ என்ற சொல் அங்கே புழங்கி நான் கேட்டதில்லை. அடுத்த வருடம் அதே பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு அள்ளிப் போடுவதைத்தான் கண்டேன்.

மணிமேகலைக்குச் சுதமதி துணை நின்றதும் இந்த வகைதான். சுதமதியும் அடிபட்டு வந்தவள். அடிபட்டவள்தான் பக்கத்தில் நிற்கிறாள், காவியத்திலும் சரி, கொழுந்து மடுவத்திலும் சரி.

இனிச் சொல்லப் போவது கொஞ்சம் கசக்கும். கூட்டாளி என்று வருகிற எல்லோரும் கூட்டாளி அல்ல. கதையின் பிந்திய பாகங்களில் காட்னிஸை மீட்டெடுக்கும் புரட்சிக்காரர்களின் தலைவி கொயின், அவளைக் கொடிக்கம்பமாக்கிப் பயன்படுத்திக்கொள்கிறாள். கடைசியில் காட்னிஸின் அம்பு கொடுங்கோலனை விட்டுவிட்டுக் கொயின் மீதே பாய்கிறது. மலையகத்தில் கொழுந்து எடுக்கிறவர்கள் பெண்கள், சந்தா கட்டுகிறவர்கள் பெண்கள். தொழிற்சங்க மேடையில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். கேரளத்துத் தேயிலை ஊரான மூணாறில் 2015 செப்டெம்பரில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் 20 வீத போனஸ் கேட்டு வீதியில் உட்கார்ந்தார்கள். ஆதரவு என்று வந்த சங்கத் தலைவர்களைக் கிட்டே வரவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குத் தாங்களே பேர் வைத்துக்கொண்டு, ஒன்பது நாளில் வென்றார்கள். பிறகு அவர்களுக்குள்ளும் பிளவு வந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. வெற்றி அன்றைக்கு வெற்றிதான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து நிலைத்தவர்களும் உண்டு. கண்டியிலிருந்து அதிக தூரமில்லை மடுல்கலை. அங்கே ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்த சின்னத்துரை மார்க் அன்தனி பிரேஸ்கேர்டில், அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த வெள்ளைக்கார இளைஞர். தொழிலாளர் பக்கம் பேசியதால் வேலை போனது. 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்யாய இருந்த அதே மேடையில், துரைமாருக்கு எதிராகப் பேசினார். ஆளுநர் ஸ்டப்ஸ் நாடு கடத்த உத்தரவிட்டார். சிங்கள இடதுசாரித் தோழர்கள் அவரை ஒளித்து வைத்தார்கள், வழக்காடினார்கள். உச்ச நீதிமன்றம் உத்தரவு செல்லாது என்றது. நாவலப்பிட்டியில் பஸ் மாறும்போது அந்த மேடையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்த் தொழிலாளி, சிங்களத் தோழர், இந்தியப் பெண், வெள்ளைக்காரப் பையன். பதினொரே வருடத்தில், 1948இல், மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று வீடுகள் பிரிந்தன. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்குச் சனங்கள் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. நாடற்றவர் என்ற நிலை பெரும்பாலும் முடிய 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரஜாவுரிமை பறிபோன அன்று அந்த நாவலப்பிட்டி மேடை நாடு முழுக்க இருந்திருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தார்கள்தான், போதவில்லை.

அந்த மேடை இல்லாத குறை பழைய கதை மட்டுமல்ல. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகணையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. உங்களில் பலருக்கு அப்போது காட்னிஸின் வயது. அவசரகாலச் சட்டம் வந்தது, ஃபேஸ்புக்கை முடக்கினார்கள். அந்தக் கிழமை உங்கள் வகுப்பில் பக்கத்து மேசை காலியாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தவர்கள் யார், எடுக்காதவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியும். இந்த மண்டபத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே நிற அங்கியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாளைக்கு அங்கியைக் கழற்றியதும் வேறுவேறு பஸ்ஸில் ஏறுவீர்கள். தொலைபேசி இலக்கங்களை இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்களில் கொஞ்சப் பேராவது பிரதேச செயலகத்திலோ வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறீர்கள். தோட்டத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை, தனக்குப் புரியாத மொழியில் அச்சடித்த படிவத்தோடு வந்து நிற்பாள். ‘நாளைக்கு வா’ என்று சொல்லாதீர்கள். அவளுக்கு அது ஒருநாள் பேர், ஒருநாள் சம்பளம். உட்காரவைத்து, கூடவே இருந்து நிரப்பிக் கொடுங்கள்.

மற்றது, எழுதுகிறவர்களுக்கு. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுச் சேர்த்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் புத்தகமானது. அவர் காதுக்கு எட்டாத பாட்டுகள் இன்னும் லயங்களில் இருக்கின்றன. கங்காணியைக் கிண்டல் செய்யும் பாட்டு, கடலைத் திட்டும் பாட்டு, கோச்சியில் போன தங்கச்சியைத் தேடும் பாட்டு. கையில் கைபேசி இருக்கிறது. இந்த விடுமுறையில் உங்கள் அம்மாயியிடம், பக்கத்து லயத்துப் பெரியம்மாவிடம் உட்கார்ந்து அவற்றைப் பதிவுசெய்யுங்கள். மலையகத்துக் காட்னிஸின் கதையை எழுதப் போகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு முதலில் அந்தப் பாட்டுகள் வேண்டும்.