ஊருக்கு எவ்வளவு தூரம்?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

நாம் வாழும் இத்திருவனந்தபுரத்தில், கோதவர்ம ராஜா அவர்களின் முயற்சியால் 1932-இல் விமானக் களம் அமைந்தது. 1935-இல் டாட்டா நிறுவனத்தார் பம்பாயிலிருந்து அஞ்சல் விமானம் விட்டனர். 1991-இல் அது பன்னாட்டு நிலையமாயிற்று. இன்றும் பங்குனி, ஐப்பசி ஆராட்டு நாள்களில், பத்மநாபசுவாமி ஓடுபாதையைக் கடந்து சங்குமுகக் கடலுக்கு எழுந்தருளும்போது, விமானங்கள் சில மணி நேரம் ஒதுங்கி நிற்கின்றன. அக்களத்திலிருந்து நம் ஊர் எவ்வளவு தூரம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பூமி உருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால், இங்கிருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 615 கிலோமீட்டர். மாலத்தீவின் தலைநகரான மாலியோ ஏறத்தாழ 605. கொழும்பை அடுத்த கட்டுநாயக்கா 360-க்கும் குறைவு. கடல் கடந்த அயல்நாடுகள் நம் தலைநகரினும் அண்மையில் இருப்பது வியப்பன்றோ!

மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் விமானம் சென்னையை முக்கால் மணியில் அடைய வேண்டும். ஆயினும் கால அட்டவணை ஒரு மணிக்கு மேலாகவே காட்டுகிறது. ஏன்? தரையில் ஊர்வதற்கும், மேலேறுவதற்கும், வேகம் தணிந்து இறங்குவதற்கும் நேரம் வேண்டும். வான்வழியும் நூல்போல் நேரானதன்று. ஆனி, ஆடியில் கீழே தென்மேற்குக் காற்று வீச, மிக உயரத்தில் கிழக்கிலிருந்து பெருங்காற்று வீசுகிறது. அது சென்னை செல்லும் விமானத்தை எதிர்க்கும். திரும்பி வருவதற்குத் துணைநிற்கும்.

இக்கணக்கெல்லாம் எதற்கு என்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பில் உடன்பிறந்தார் இருவர்க்கு, சென்னையில் தந்தையாரின் நிலை கவலைக்கிடம் என்று இரவு எட்டு மணிக்குச் செய்தி வந்தது. தம்பி அன்றிரவே பேருந்து ஏறினார். அண்ணன் விமானமே விரைவென்று தங்கினார். காலை விமானத்தில் இடமில்லை. நண்பகல் விமானமே வாய்த்தது. முற்பகல் சென்று சேர்ந்த தம்பி தந்தையின் கையைப் பற்றியிருந்தார். அண்ணன் போய்ச் சேர்ந்தபோது அக்கை குளிர்ந்திருந்தது.

அண்ணனின் அன்பு குறைந்ததன்று. பறக்கும் நேரத்தை எண்ணினார். காத்திருக்கும் நேரத்தை எண்ணவில்லை. அவ்வளவே. நாமும் அவ்வாறே எண்ணியிருப்போம்.

ஆதலின் நாம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த விமானம் எப்பொழுது? அதில் இடமுண்டா? இறங்கியபின் வீடு சேர எவ்வளவு நேரம்? நாகர்கோவிலார்க்கும் நெல்லையார்க்கும் இக்கவலை இல்லை. அவர்கட்குப் பேருந்தும் இரயிலுமே போதும். சென்னைக்கும் அதற்கப்பாலும் செல்வோரே இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் சங்கம் ஒரு சிறு நிதியைத் தனியே வைத்தல் நன்று. நள்ளிரவில் செய்தி வரும் வீட்டார் பயணச் செலவுக்குப் பிறர் கதவைத் தட்டலாகாது. அவ்வீட்டின் சாவியையும் பள்ளி செல்லும் குழந்தைகளையும் அண்டை வீட்டார் ஏற்றுக்கொள்ளவேண்டும். ஊரின் தூரத்தைக் குறைக்க நம்மால் இயலாது. புறப்படும் நேரத்தை நம்மால் விரைவுபடுத்த இயலும்.