பனை நாரும் நம் வகுப்பறையும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ‘உள்ளூர் வளங்களும் கற்பித்தலும்’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளூர் வளங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரே ஒரு பொருளைத்தான் எடுத்து வந்திருக்கிறேன். பனை நாரால் முடைந்த இந்தப் பெட்டி. முன்வரிசையில் இருப்பவர்கள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே பின்னால் கொடுங்கள். பார்க்கும்போது ஒரு கேள்வியையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது பனையின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது?

‘ஓலை’ என்று சில குரல்கள் கேட்கின்றன. ஓலை இல்லை. ஓலையைத் தாங்கி நிற்கும் மட்டை. தாவரவியலில் சொன்னால் இலைக்காம்பு. ஓலையால் செய்த பெட்டி வேறு, மட்டை நாரால் செய்த பெட்டி வேறு. இந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகம் அல்ல. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் என் தவறும் இருக்கிறது.

கால் நூற்றாண்டுக்கு முன்பு தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். செம்மண் தேரி, எங்கு பார்த்தாலும் பனை. ஒருநாள் ஏழாம் வகுப்பில் இழைகள் பற்றிய பாடம். கரும்பலகையில் ‘இயற்கை இழை’, ‘செயற்கை இழை’ என்று இரண்டு கட்டம் போட்டேன். இயற்கை இழைக்கு எடுத்துக்காட்டு கேட்டேன். பருத்தி, சணல், பட்டு, கம்பளி என்று பிள்ளைகள் சொன்னார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “பனை நார் சார்” என்றாள். நான், “பாடத்துல இருக்கறதைச் சொல்லும்மா” என்று உட்காரச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அதன் பிறகு அந்தப் பிள்ளை என் வகுப்பில் கை தூக்கவே இல்லை.

சில வாரம் கழித்து, வீட்டுப்பாடம் எழுதி வராததைக் கேட்பதற்காக அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அவள் ஆச்சி பச்சை மட்டையிலிருந்து நார் கிழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இந்தப் பிள்ளை. விரல்களில் சிறு சிறு கீறல்கள். “பாதியில எந்திரிக்க முடியாதுய்யா. மட்டை காஞ்சு போச்சுன்னா நார் கிழியாது. அதான் இவளும் ஒரு கை கொடுக்கா” என்றார் ஆச்சி. எனக்கும் ஒரு மட்டையைக் கொடுத்தார். நான் இழுத்தேன், பாதியில் அறுந்தது. இன்னொன்றை இழுத்தேன், அதுவும் அறுந்தது. அந்தப் பிள்ளை, “வெடுக்குனு இழுக்காதீங்க சார். ஒரே சீரா வாங்கணும்” என்று என் கையிலிருந்து வாங்கி, முனை வரை ஒரே அகலத்தில் ஒரு நாரை எடுத்துக் கொடுத்தாள்.

இயற்கை இழை என்று எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். ஓர் இழையைக்கூட என் கையால் பிரித்தெடுத்ததில்லை. அவள் சொன்னது சரியான விடை. நான் அதைத் தவறென்று உட்கார வைத்துவிட்டேன்.

இலையிலிருந்து வரும் நார்

இழைகளை அவை கிடைக்கும் உறுப்பைக் கொண்டு பிரித்துப் பாருங்கள். பருத்தி விதையின் மேலிருந்து வருகிறது. சணல் தண்டின் பட்டையிலிருந்து வருகிறது. தேங்காய் நார் காயின் மட்டையிலிருந்து வருகிறது. இலையிலிருந்து கிடைப்பதற்கு எடுத்துக்காட்டு, வேலிகளில் நிற்கும் கற்றாழையின் நார். பூக்கட்டும் வாழை நாரும் இந்த வகைதான். நாம் வாழைத்தண்டு என்று நினைக்கும் வெளிப்பகுதி உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலையுறைகள். இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஒரு வாழை மட்டையை உரித்துக் காட்டுங்கள், நம்புவார்கள்.

பனையின் ஒரே இலையில் மூன்று விதப் பொருள் இருக்கிறது. முதலாவது ஓலை. விரியாத குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, சீராகக் கிழித்துக் கொட்டான், விசிறி, தடுக்கு, பாய், கிலுகிலுப்பை எல்லாம் முடைகிறார்கள். முற்றிய ஓலை கூரைக்குப் போகும். பதநீர் குடிக்கும் பட்டையும் ஓலைதான். கார்த்திகைக்கு எங்கள் பக்கம் ஓலைக்கொழுக்கட்டை அவிப்பதும் குருத்தோலையில்தான்.

இரண்டாவது மட்டை. இரு ஓரத்திலும் ரம்பம் போலிருக்கும் கருக்கைச் சீவி, மட்டையை வகிர்ந்து, உள்ளே உள்ள சோற்றை நீக்கினால் வலுவான நார் கிடைக்கும். கட்டில் பின்னவும், வேலியும் கூரையும் கட்டவும், இதுபோன்ற பெட்டிகள் முடையவும் அது பயன்பட்டது. பனையேறுபவர் காலில் மாட்டும் வளையத்துக்கே தளைநார் என்றுதான் பெயர்.

மூன்றாவது, மட்டை மரத்தைப் பற்றியிருக்கும் அகன்ற அடிப்பகுதி. பத்தை என்பார்கள். அதைக் கொட்டாப்புளியால் தட்டி, ஆணிச்சீப்பில் சீவினால் விறைப்பான தும்பு கிடைக்கும். தூரிகைக்கும் துடைப்பத்துக்கும் உகந்த இந்தப் பனந்தும்பு, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது.

முடைய மெல்லிய ஓலை, கட்ட வலுவான நார், தேய்க்க விறைப்பான தும்பு. ஒரே இலையின் எந்தப் பகுதி எதற்கு ஆகும் என்று கண்டுபிடித்தவர்கள் ஆய்வகம் வைத்திருக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்தது ஆய்வுதான்.

பாடத்தோடு எப்படி இணைப்பது?

முதலில் அறிவியல். ஓர் ஓலைத்துண்டை நீளவாக்கில் கிழிக்கச் சொல்லுங்கள். எளிதாக வரும். குறுக்கே கிழிக்கச் சொல்லுங்கள். வராது. ஏன் என்று கேளுங்கள். இணைப்போக்கு நரம்பமைவை இதைவிட எளிதாக விளக்க முடியாது. மேல்வகுப்பு ஆசிரியர்கள் இன்னும் ஒரு படி போகலாம். மட்டையைக் குறுக்கே வெட்டினால் புள்ளி புள்ளியாகத் தெரிபவை வாஸ்குலார் கற்றைகள். அவற்றைச் சூழ்ந்திருக்கும் ஸ்கிளிரன்கைமா செல்களின் தடித்த சுவரில் உள்ள செல்லுலோஸும் லிக்னினும்தான் நாருக்கு வலுத் தருகின்றன. வெளி ஓரத்தில் கற்றைகள் நெருக்கமாகவும் நடுவில் இடைவெளி விட்டும் இருப்பதைப் பிள்ளைகளே கவனிப்பார்கள். ஆச்சி சோற்றை நீக்கிவிட்டு ஓரத்தை மட்டும் ஏன் நாராக்கினார் என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

இந்த இடத்தில் தமிழாசிரியரை அழைத்துக்கொள்ளுங்கள். புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல்லினம். இன்றைய தாவரவியலும் புல்லையும் பனையையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்றே சேர்த்து வைக்கிறது. தமிழ் வகுப்பும் அறிவியல் வகுப்பும் ஒரு மட்டைத் துண்டில் சந்திக்கின்றன.

சொற்களையும் தேடச் சொல்லலாம். கடிதத்துக்கு ஓலை என்று பெயர். புத்தகப் பக்கத்துக்கு ஏடு என்று பெயர். காதில் போடும் தோட்டுக்கும் மூலம் ஓலைச்சுருள்தான். இந்த மூன்று சொற்களும் ஒரே மரத்திலிருந்து வந்தவை என்று தெரியும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

அடுத்து வரலாறு. ஓலையை வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, அளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்தால் சுவடி. எழுத்தாணியால் கீறிய பிறகு கரி கலந்த மையைப் பூசித் துடைத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. சொற்களுக்கு இடைவெளியும் விடுவதில்லை. பிள்ளைகளை அப்படி ஒரு வரி எழுதி மாற்றி மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடி, ஒப்பிட்டு, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததற்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருந்தது என்பது அந்த ஒரு வரியிலேயே விளங்கிவிடும்.

கணக்கு ஆசிரியருக்கும் வேலை இருக்கிறது. கொட்டானின் அடி சதுரம், வாய் வட்டம். எத்தனை ஓலைக்கீற்று வைத்தால் எந்த அளவு அடி வரும்? ஒன்று மேல் ஒன்று கீழ் என்று முடைந்தால் என்ன வடிவம் வரும், இரண்டு மேல் இரண்டு கீழ் என்றால் என்ன வடிவம் வரும்? தொடக்கப் பள்ளியில் ஓலை கிடைக்காவிட்டால் காகிதக் கீற்றில் செய்யலாம். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதையும் அப்போது சொல்லுங்கள்.

செலவில்லாத மூன்று சோதனைகளையும் சொல்கிறேன். ஒரே அகலமுள்ள இரண்டு நார்களை எடுத்து, ஒன்றை உலர்வாகவும் மற்றொன்றை நனைத்தும் தொங்கவிட்டு, நுனியில் எடையைக் கூட்டிக்கொண்டே போங்கள். எது முதலில் அறுகிறது? அடுத்தது, மூன்று நார்களைச் சும்மா சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு தாங்குகிறது, முறுக்கித் திரித்தால் எவ்வளவு தாங்குகிறது? மூன்றாவது, ஓலைத்துண்டு ஒன்றையும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றையும் பள்ளித் தோட்டத்தில் புதைத்துவிட்டு, பருவ முடிவில் தோண்டிப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அந்தத் தடைக்கான காரணத்தைப் பிள்ளைகள் மண்ணிலிருந்தே எடுத்துப் பார்ப்பார்கள். மூன்றிலும் விடையை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

இதைச் செய்யும்போது சில எச்சரிக்கைகள் வேண்டும். அனுபவத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன்.

முதலாவது, எந்தப் பிள்ளையையும் சுட்டிக்காட்டி, “இது உங்க வீட்டுத் தொழில்தானே, நீ செய்து காட்டு” என்று சொல்லிவிடாதீர்கள். நம் ஊரில் தொழிலைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும். பெருமைப்படுத்துவதாக நாம் நினைப்போம், பிள்ளை கூனிக்குறுகிப் போகும். எல்லாப் பிள்ளைகளும் நார் கிழிக்கட்டும், எல்லாப் பிள்ளைகளும் முடையட்டும். ஆசிரியரும் உட்கார்ந்து முடையட்டும். கற்றுக்கொடுக்க ஊரில் தெரிந்த பெரியவர் ஒருவரை அழையுங்கள். அவருக்கு நாற்காலி போடுங்கள். வருகைப் பதிவேட்டில் ‘சிறப்பு விருந்தினர்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டாவது, கைவேலையைப் புகழும் ஆர்வத்தில் பிள்ளைகள் வீட்டில் வேலை செய்வதை நாம் நியாயப்படுத்திவிடக் கூடாது. நார் கிழிப்பதைப் பாடமாகக் கற்பது வேறு. அதனால் பாடம் எழுத நேரமில்லாமல் போவது வேறு. நான் அந்த வீட்டுக்குப் போன காரணம் வீட்டுப்பாடம். ஆச்சியின் திறமையைக் கண்டு வியந்துவிட்டு அதை மறந்துவிட்டால் நான் ஆசிரியர் இல்லை. வேலைக்கு ஏற்ற நேரத்தை ஆச்சியிடமும் தாயிடமும் பேசி முடிவு செய்தோம். மாலையில் பள்ளியிலேயே எழுதிவிட்டுப் போகட்டும் என்று ஏற்பாடு செய்தேன்.

மூன்றாவது, பாதுகாப்பு. மட்டைக் கருக்கு கையைக் கிழித்துவிடும். கருக்கைச் சீவிய மட்டையை மட்டுமே வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். கத்தியைப் பெரியவர்களே கையாளட்டும். மரத்துக்கும் இரக்கம் காட்டுங்கள். குருத்துகளைத் தொடர்ந்து வெட்டினால் மரம் நலியும். பனை நம் மாநில மரம். காய்க்கவே பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் மரம். தவிர்க்க முடியாத நிலையில் பனையை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. பள்ளி வளாகத்தில் இடமிருந்தால் மழைக்காலத்துக்கு முன் பத்து பனங்கொட்டைகளை ஊன்றி வையுங்கள்.

எல்லா ஊரிலும் பனை இருக்காது. கடலோரத்தில் தாழை இருக்கும். ஆற்றுப் பாசன ஊர்களில் வாழை இருக்கும். வறண்ட மேட்டு நிலங்களில் கற்றாழை இருக்கும். உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று நாளைக்கு வகுப்பில் கேளுங்கள். கரும்பலகையில் நீங்கள் போட்ட கட்டத்துக்குள் அடங்காத விடை ஒன்று கடைசி வரிசையிலிருந்து வரும். அதையும் கட்டத்துக்குள் எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாத விடையாக இருந்தால், “எனக்குத் தெரியாதும்மா, நாளைக்குக் கொண்டு வந்து காட்டு” என்று சொல்லுங்கள்.

நான் அந்த வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள், அதே ஏழாம் வகுப்பில், ‘இயற்கை இழை’ என்று மறுபடியும் தலைப்பிட்டு முதல் வரியில் ‘பனை நார்’ என்று எழுதினேன். “முந்தி நான் தப்பாச் சொல்லிட்டேன்” என்று பிள்ளைகளிடம் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை மீண்டும் கை தூக்க இன்னும் ஒரு மாதம் ஆனது.

உங்கள் கைகளில் சுற்றி வரும் பெட்டி அந்த ஆச்சி முடைந்து கொடுத்தது. ஓய்வு பெறும் நாள் வரை என் சுண்ணக்கட்டிகளை அதில்தான் வைத்திருந்தேன். கடைசி வரிசை வரை போய்விட்டதா? பார்த்தவர்கள் மறக்காமல் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.