சர்தார் படேல் சாலையின் இரண்டு வாசல்கள்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக் கச்சேரிகள் ஓயத் தொடங்கும் மார்கழிப் பிற்பகுதியில்தான் கிண்டிப் பக்கம் வேறொரு கலைப்பருவம் பிறக்கிறது. மத்திய கைலாஷிலிருந்து சர்தார் படேல் சாலையில் வந்தால் ஒரு பக்கம் சென்னை ஐ.ஐ.டி.யின் வாசல், சற்றுத் தள்ளி எதிர்ப்பக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகம். தினமும் பேருந்தில் அந்த வழியே போகிற ஆயிரக்கணக்கானோருக்கு இரண்டும் மதில்சுவர்களாகத்தான் பழக்கம். அந்தச் சுவர்களுக்குள் என்ன நடக்கிறது, அதில் நமக்கு என்ன பங்கு என்று இன்று உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

பொங்கலுக்கு முன்பு, ஜனவரி தொடக்கத்தில் ஐ.ஐ.டி.யில் சாஸ்த்ரா என்ற தொழில்நுட்ப விழா நடக்கும். அதையொட்டி சாரங். மார்டி கிராஸ் என்ற பெயரில் நடந்துவந்த கலைவிழா 1996இல் சாரங் ஆனது. பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலுள்ள கிண்டிப் பொறியியல் கல்லூரியின் டெக்கோஃபெஸ். 1948இல் தொடங்கிய விழா அது. நாட்டு விடுதலைக்கு அடுத்த ஆண்டு மேடையேறிய மாணவர்களின் பேரப்பிள்ளைகள்கூட இன்று படிப்பை முடித்திருப்பார்கள்.

இந்த விழாக்கள் என்றால் வெளியே நமக்குக் கேட்பது சினிமாப் பாடகர்களின் இரவு நிகழ்ச்சிதான். கூட்டம் அதற்குத்தான் வருகிறது, வரட்டும். ஆனால் அந்தப் பாடகரை வேறு மேடையிலும் கேட்கலாம். வளாகத்தில் மட்டுமே பார்க்கக் கிடைப்பது வேறு. இருபது வயதுப் பிள்ளைகள் விளம்பரதாரர்களைத் தேடி அலைகிறார்கள், ஒலிபெருக்கிக்காரரிடம் பேரம் பேசுகிறார்கள், காவல்துறை அனுமதிக்குக் கடிதம் எழுதுகிறார்கள், வெளியூரிலிருந்து வந்த மாணவிகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் ஏற்பாடு செய்கிறார்கள். கணக்கையும் அவர்களே முடிக்க வேண்டும். பெரியவர்கள் பின்னால் நிற்கலாம். வேலை முழுவதும் மாணவர்களுடையது. பாடத்திட்டம் எதிலும் இல்லாத படிப்பு இது. “கல்ச்சுரல்ஸ் என்று சுற்றி மார்க்கைக் கெடுத்துக்கொள்ளாதே” என்று சொல்லும் பெற்றோர், ஒருமுறை வாலண்டியராக நிற்கும் தங்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம்.

அண்மையில் நடந்தவற்றில் என் மனத்தில் ஆழமாகத் தங்கியது 2024 மே மாதம் ஐ.ஐ.டி.யில் ஒரு வாரம் நடந்த ஸ்பிக் மேக்கே மாநாடு. தில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத் 1977இல் தொடங்கிய இயக்கம் ஸ்பிக் மேக்கே. மரபிசையையும் நடனத்தையும் மாணவர்களிடம் கட்டணமில்லாமல் கொண்டுசேர்ப்பதே அதன் நோக்கம். கத்திரி வெயில் காலமான மே 20 முதல் 26 வரை, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் இங்கே வந்து தங்கினார்கள். அந்த மாநாட்டுக்கு ஆசிரம வாழ்க்கையின் ஒழுங்கு உண்டு. விடியுமுன் எழுவது, யோகம், எளிய சைவ உணவு, வளாகத்தைச் சுத்தம் செய்யும் உடலுழைப்பு, பகலில் ஒரு குருவிடம் உட்கார்ந்து ஒரு கலையின் முதல் பாடம், மாலையில் கச்சேரி. அஸ்ஸாமில் பிறந்த பெண் தஞ்சாவூர்க் கலை ஒன்றையும், திருநெல்வேலிப் பையன் வடநாட்டு இசையையும் பக்கத்தில் உட்கார்ந்து கற்கிற வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? அதே மாநாட்டில்தான் இளையராஜாவின் பெயரில் இசை கற்றலுக்கும் ஆய்வுக்குமான மையம் ஒன்றை ஐ.ஐ.டி. அறிவித்தது. பண்ணைப்புரம் என்ற ஊரிலிருந்து வந்து, பொறியியல் வளாகமொன்றில் ஓர் ஆய்வு மையத்துக்கே பெயராகியிருக்கிறார் அவர். தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி இது.

இவை எல்லாம் உள்ளே நடப்பவை. வெளியே போவதும் உண்டு. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. கல்லூரிப் பிள்ளைகள் ‘என்.எஸ்.எஸ். கேம்ப்’ என்று சொல்வது இதன் ஏழுநாள் சிறப்பு முகாமைத்தான். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, காலையில் மண்வெட்டி எடுத்து, மாலையில் அந்த ஊர்க் குழந்தைகளோடு ஆடிப்பாடுகிற முகாம். ஏழு நாளில் செய்கிற வேலை பெரிதாக இருக்காது, உண்மை. ஆனால் கழிவறை இல்லாத பள்ளியைக் கண்ணால் பார்த்த மாணவர் நாளை பொறியாளராகவோ அதிகாரியாகவோ உட்காரும்போது அந்தப் பள்ளி நினைவில் இருக்கும். இந்த முகாமைப் புகைப்படத்துக்காகவும் மதிப்பெண்ணுக்காகவும் மட்டும் நடத்திவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

வானொலியில் பேசிக்கொண்டு அண்ணா எஃப்.எம்மைச் சொல்லாமல் விட முடியாது. 2004 பிப்ரவரி 1ஆம் நாள், நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக அண்ணா பல்கலைக்கழகத்தில் அது ஒலிக்கத் தொடங்கியது. அலைவரிசை 90.4. கல்வி நிறுவனங்களுக்கு இந்த உரிமையை அரசு அளித்தது 2002இல்தான். உள்ளே மாணவர்கள் குரல் கொடுக்க, சுற்றுவட்டாரத்துப் பெண்களும் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து உடல்நலம் பற்றியும் பிள்ளைகளின் படிப்பு பற்றியும் பேசினார்கள். கல்லூரி தன் மதிலைத் தாண்டி ஊரோடு உறவாட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கல்லூரியாவது இதைச் செய்ய வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு செய்திகள். 2025 ஜனவரி 3, 4 தேதிகளில் ஐ.ஐ.டி. தன் ஆய்வுக்கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. மறுபடி அப்படி அறிவிக்கும்போது ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை, குறிப்பாக அரசுப் பள்ளிப் பிள்ளைகளை, ஆசிரியர்களே அழைத்துப் போக வேண்டும். முன்பதிவு கேட்பார்களா என்று அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே புள்ளிமான்கள் நடமாடும். அவற்றுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, பாட்டோ நடனமோ வாத்தியமோ முறையாகக் கற்கும் மாணவர்களுக்கு. 2025–26 முதல் கலைத்திறனுக்கென்று ஒவ்வொரு பட்டப்படிப்பிலும் கூடுதலாக இரண்டு இடங்களை ஐ.ஐ.டி. ஒதுக்கியிருக்கிறது. அதில் ஒன்று பெண்களுக்கு மட்டுமே. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதற்கு மேல் கலையில் பெற்ற விருதும் உதவித்தொகையும் கணக்கில் வரும். ஆகவே பிளஸ் ஒன் வந்துவிட்டது என்பதற்காகப் பாட்டு வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். வாங்கிய சான்றிதழ்களையும் இப்போதே ஒரு கோப்பில் அடுக்கி வையுங்கள்.