புயலைப் பார்ப்பவரும் விழித்திருப்பவரும்

(திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை. நற்செய்தி: மத்தேயு 24:37-44)



எங்கள் பங்கில் ஓர் இளைஞர் இருக்கிறார். பகலில் கணினி பழுது பார்ப்பார். இரவில் அவருக்கு வேறொரு வேலை உண்டு. உலகத்தின் எந்த மூலையில் புயல் உருவானாலும் அதன் செயற்கைக்கோள் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார். காற்றழுத்தம் எத்தனை மில்லிபார் இறங்கியது, காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர், எங்கே கரை கடக்கும், எல்லாம் அவருக்கு விரல் நுனியில். அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், பசிபிக்கில் டைஃபூன், நம் வங்கக் கடலில் புயல், மூன்றும் ஒன்றுதான், இடத்துக்கு ஏற்பப் பெயர்தான் வேறு என்று எனக்கு விளக்கியவரும் அவரே.

ஒரு நாள் மாலைத் திருப்பலி முடிந்ததும் கைபேசியை நீட்டினார். பிலிப்பைன்ஸ் நாட்டுக்குக் கிழக்கே ஒரு டைஃபூன். "ஃபாதர், கண்ணைப் பாருங்க. எவ்வளவு வட்டமா, தெளிவா இருக்கு!" என்றார். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார். முகத்தில் களை இல்லை. கரையைத் தொடும் முன்பே அந்தப் புயல் வலுவிழந்துவிட்டதாம். "நல்லதுதானே தம்பி" என்றேன். "நல்லதுதான் ஃபாதர். ஆனா அதைப் பார்த்ததும் எனக்கு முதல்ல ஏமாற்றமாத்தான் இருந்துச்சு. அங்கேயும் ஆளுங்க இருக்காங்கங்கிற நெனப்பு அப்புறம்தான் வந்துச்சு. இது பாவமா ஃபாதர்?" என்று கேட்டார்.

இது ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்ட கேள்வி அல்ல. கோயில் படிக்கட்டில் நின்று கேட்டது. இதை நான் வானொலியில் சொல்ல அவரே சம்மதித்தார். அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இன்றைய நற்செய்தியை வாசித்தபோதுதான் பதில் கிடைத்தது.

நோவாவின் காலத்தை ஆண்டவர் இன்று நினைவூட்டுகிறார். அக்காலத்து மக்கள் உண்டார்கள், குடித்தார்கள், திருமணம் செய்துகொண்டார்கள். வெள்ளம் வந்து வாரிக்கொண்டு போகும்வரை அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கவனியுங்கள், இந்தப் பகுதியில் இயேசு அவர்கள்மீது கொலை, களவு என்று எந்தக் குற்றத்தையும் சுமத்தவில்லை. உண்பதும் குடிப்பதும் பாவமல்ல. அவர்கள் உணராமல் இருந்தார்கள் என்பதையே அவர் சொல்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கே குத்தியது. 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயின் நாட்டின் வலென்சியா பகுதியில் பெருவெள்ளம் வந்தது. துரீஸ் என்ற ஊரில் ஒரே நாளில் 770 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பைபோர்த்தா போன்ற சில ஊர்களிலோ பெரிய மழை இல்லை. மேலே பெய்த மழை ஓடை வழியாகப் பாய்ந்து வந்து வீதிகளை மூழ்கடித்தது. வானிலைத் துறை காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தது. ஆனால் எல்லாருடைய கைபேசியிலும் அபாய ஒலி எழுந்தது இரவு 8 மணிக்குப் பிறகுதான். அதற்குள் பல வீடுகளில் தண்ணீர் புகுந்துவிட்டது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

தெருவில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்த காட்சியைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் இரவு உணவு சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். ஐயோ பாவம் என்றேன். அடுத்த தோசையை எடுத்து வைத்துக்கொண்டேன். உண்டார்கள், குடித்தார்கள், உணரவில்லை. அந்த இளைஞராவது தன் மனத்தை ஆராய்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

அப்படியானால் வானத்தைப் பார்ப்பதே தவறா? இல்லை. மேற்கே மேகம் எழுந்தால் மழை வரும், தெற்கிலிருந்து காற்று அடித்தால் வெப்பம் மிகும் என்று கணிக்கத் தெரிந்த மக்களிடம் இயேசு பேசியதை லூக்கா நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்கள் வானத்தைக் கணித்ததை அவர் குறை சொல்லவில்லை. அந்த அறிவு அதோடு நின்றுவிட்டதைத்தான் கண்டித்தார்.

வானத்தைப் பார்த்து அதோடு நிற்காத இருவரை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். இருவரும் இயேசு சபைக் குருக்கள்.

ஒருவர் அருள்தந்தை பெனித்தோ வின்யெஸ். 1870-இல் கியூபாவின் ஹவானா நகருக்கு வந்து, அங்கே பெலேன் கல்லூரியின் வானிலை ஆய்வகப் பொறுப்பை ஏற்றார். அப்போது செயற்கைக்கோள் கிடையாது, ரேடார் கிடையாது. காற்றழுத்தமானியும் கண்ணும்தான். உயரத்தில் இறகு போல ஓடும் மேகங்கள் எந்தத் திசையில் விரிகின்றன என்பதை நாள்தோறும் குறித்து வைத்து, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் புயல் எங்கே இருக்கிறது என்று கணிக்கக் கற்றார். 1875 செப்டம்பர் 11 அன்று, புயல் வருகிறது என்ற அவருடைய எச்சரிக்கை வெளியானது. இரண்டு நாளில் புயல் வந்தது. அடுத்த ஆண்டு புயல் அடித்த ஊர்களுக்கு அவரே பயணம் செய்து, சேதங்களை நேரில் பார்த்துக் குறிப்பெடுத்தார்.

மற்றவர் அருள்தந்தை ஃபெதரிக்கோ ஃபவுரா. பிலிப்பைன்ஸின் மணிலாவில் இயேசு சபையார் 1865-இல் தொடங்கிய ஆய்வகத்தில் பணியாற்றியவர். 1879 ஜூலையில் அந்த நாட்டுக்கு முதல் டைஃபூன் எச்சரிக்கையைக் கொடுத்தவர் அவர்தான்.

இவர்களுக்கும் புயல்மீது ஆர்வம் இருந்தது. ஆர்வம் இல்லாமல் ஒருவர் வருடக்கணக்கில் மேகத்தைப் பார்த்துக் குறிப்பு எழுத மாட்டார். ஆனால் தாங்கள் கண்டதைக் கரையில் இருப்பவருக்கும் கப்பலில் போகிறவருக்கும் சொல்லும்வரை அவர்கள் ஓயவில்லை. கண்டதை அடுத்தவருக்குச் சொல்லும்போதுதான் பார்ப்பது விழிப்பாகிறது.

சொல்வதற்குப் பணிவு வேண்டும். கேட்பதற்கும் பணிவு வேண்டும். அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1900-ஆம் ஆண்டு, வின்யெஸ் அடிகளார் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. கியூபா அப்போது அமெரிக்கர்களின் ஆட்சியில் இருந்தது. கியூபாக்காரர்கள் அளவுக்கு மீறி பயமுறுத்துகிறார்கள் என்று எண்ணிய அமெரிக்க வானிலை அதிகாரிகள், அவர்களுடைய புயல் செய்திகள் தந்தியில் போகாதபடி தடுத்திருந்தார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு புயல் கியூபாவைத் தாண்டியது. அது மேற்கே, டெக்சாஸ் பக்கம் போகும் என்று ஹவானாவில் கணித்தார்கள். வடக்கே ஃப்ளோரிடா பக்கம் திரும்பும் என்று வாஷிங்டனில் சொன்னார்கள். செப்டம்பர் 8 அன்று அது டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரத்தில் கரையேறியது. குறைந்தது ஆறாயிரம் பேர் இறந்தார்கள்.

அந்த நகரின் கடற்கரையில் அருள்சகோதரிகள் நடத்திய புனித மரியா அனாதை இல்லம் இருந்தது. பத்து சகோதரிகள், தொண்ணூற்று மூன்று பிள்ளைகள். தண்ணீர் ஏற ஏற, துணி உலர்த்தும் கயிற்றை எடுத்து, ஒவ்வொரு சகோதரியும் சில பிள்ளைகளைத் தம் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் பயப்படாமலிருக்க மாதா பாடலைப் பாட வைத்தார்கள். கட்டடம் இடிந்தது. பெரிய பையன்கள் மூன்று பேர் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்தார்கள். பத்து சகோதரிகளும் மற்றப் பிள்ளைகளும் இறந்தார்கள். பின்னர் சில உடல்கள் அந்தக் கயிற்றோடு சேர்ந்தே கிடைத்தன.

சகோதரிகளுக்கு எச்சரிக்கை சரியாக வந்து சேர்ந்திருந்தால் பிள்ளைகளை முன்பே ஊருக்குள் அழைத்துப் போயிருக்கலாம். வரவில்லை. ஆனாலும் அவர்கள் ஒரு பிள்ளையைக்கூடத் தனியே விடவில்லை. விழித்திருங்கள் என்று ஆண்டவர் சொல்வதன் கடைசி எல்லை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சொன்னால் மட்டும் போதுமா? கேட்பவருக்குப் புரியும்படியும் சொல்ல வேண்டும். 2013 நவம்பர் 8 அன்று ஹையான் என்ற டைஃபூன் பிலிப்பைன்ஸின் தக்லோபான் நகரைத் தாக்கியது. அங்கே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். கடல் உயர்ந்து ஊருக்குள் வரும் என்பதையும் சொல்லியிருந்தார்கள். ஆனால் அதற்கு அவர்கள் பயன்படுத்திய அறிவியல் சொல் பலருக்குப் புரியவில்லை. சுனாமி போல வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். அந்தப் புயலில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

வங்கதேசம் இதில் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. 1970 நவம்பரில் போலா புயல் வந்தபோது மூன்று லட்சம் முதல் ஐந்து லட்சம் பேர்வரை இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். விண்ணிலிருந்து செயற்கைக்கோள் அந்தப் புயலைப் படம் பிடித்திருந்தது. ஆனால் தீவில் குடிசையில் தூங்கியவருக்கு அதை யார் போய்ச் சொல்வது? 1972-இல் அங்கே தொண்டர் படை ஒன்றை உருவாக்கினார்கள். கொடி ஏற்றுவார்கள், ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து வீடு வீடாகச் சொல்வார்கள், முதியவர்களைப் புகலிடத்துக்கு அழைத்துப் போவார்கள். 2007-இல் சித்ர் என்ற கடும்புயல் அதே கடற்கரையில் அடித்தது. இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அந்த எண்ணும் துயரமானதுதான். ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். புகலிடங்கள் கட்டியதும், நல்ல முன்னறிவிப்பும், இந்தத் தொண்டர்களின் கால்நடையும் சேர்ந்து செய்த வேலை அது.

நம் குமரிக் கடற்கரைக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. எத்தனை வீடுகளில் இன்றும் அந்த நாளில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள்!

மீண்டும் அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். தம்பி, நீ இதைக் கேட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இறைவன் படைத்த காற்றையும் மேகத்தையும் கண்டு வியப்பது பாவமல்ல. அது அவர் உனக்குத் தந்த கொடை. அந்த ஏமாற்றம் மனத்தில் தானாக வந்தது. வந்ததை நீ கண்டுகொண்டாய், வெட்கப்பட்டாய், ஒருவரிடம் சொன்னாய். பாவம் எங்கே தொடங்கும் என்றால், அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்த பிறகும் அதைத் தள்ளிவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கும்போதுதான். நீ அதைத் தள்ளிவிடவில்லை.

ஒன்று மட்டும் செய். அடுத்த முறை புயலின் கண்ணைப் பார்க்கும்போது, வரைபடத்தைச் சற்றே பெரிதாக்கி, அது போகும் வழியில் இருக்கும் ஊர்களின் பெயரைப் படி. அந்தப் பெயர்களைச் சொல்லி ஓர் அருள்நிறை மரியே சொல். பெயர் தெரிந்த ஊர் அழிய வேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டார்கள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 17 அன்று தக்லோபானுக்குப் போனார். அன்றும் அங்கே புயல். மக்களைப் போலவே மஞ்சள் நிற மழைக்கோட்டு அணிந்துகொண்டு கொட்டும் மழையில் திருப்பலி நிறைவேற்றினார். எழுதி வைத்திருந்த மறையுரையை ஒதுக்கி வைத்தார். அந்த அழிவை உரோமையிலிருந்து பார்த்தபோதே இங்கே வர வேண்டும் என்று முடிவு செய்ததாகவும், சற்றுத் தாமதமாக வந்துவிட்டதாகவும், எல்லாவற்றையும் இழந்தவர்களிடம் என்ன சொல்வதென்று தமக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். அவரும் முதலில் தொலைவிலிருந்து பார்த்தவர்தான். பிறகு அவர்களிடமே போனார். மானிட மகன் வருகிறார் என்று நாம் காத்திருக்கும் இந்தத் திருவருகைக் காலத்தின் பொருளும் அதுதானே? நம் துன்பத்தை மேலிருந்து பார்த்துக்கொண்டிராமல், கடவுள் அதற்குள் இறங்கி வந்தார்.

நாம் எல்லாரும் பிலிப்பைன்ஸுக்குப் போக முடியாது. ஆனால் நம் தெருவுக்குப் போகலாம். இந்தத் திருவருகைக் காலத்தில் ஒவ்வோர் அன்பியமும் ஒரு பட்டியல் எழுதுங்கள். தண்ணீர் வந்தால் தானாக எழுந்து ஓட முடியாதவர்கள் நம் பகுதியில் யார் யார்? படுக்கையில் இருக்கும் பெரியவர், தனியே வாழும் பாட்டி, காது கேளாதவர், கைபேசி இல்லாத வீடு, ஓடைக்கரையில் புதிதாகக் குடிவந்த வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பம். அவர்கள் நம் மதமா என்று பார்க்க வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, யார் போய்ச் சொல்வார், யார் கைபிடித்து அழைத்து வருவார் என்று இன்னொரு பெயரையும் எழுதுங்கள். எங்கள் பங்கில் மழை எச்சரிக்கையைப் புரியும் தமிழில் எழுதிக் கொடுக்கும் பொறுப்பை அந்த இளைஞரிடமே கேட்டிருக்கிறேன். சரி ஃபாதர் என்று சொல்லியிருக்கிறார்.

எந்த நேரத்தில் ஆண்டவர் வருவார் என்று நமக்குத் தெரியாது. ஒருவேளை நள்ளிரவில், இடுப்பளவு தண்ணீரில், பக்கத்து வீட்டுப் பாட்டியின் குரலில் அவர் நம்மைக் கூப்பிடலாம். அப்போது நாம் விழித்திருக்க அருள் கேட்போம்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும், இந்த நேரத்தில் உலகின் எந்தக் கரையிலாவது புயலுக்கு அஞ்சிக் காத்திருக்கும் மக்களையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.