நவோதயாவா, கேந்திரீய வித்யாலயாவா?
(நாகபுரி இரயில்வே காலனித் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசப் பேராசிரியர் ஒருவரை அழைத்திருக்கலாம். பத்தாம் வகுப்போடு இரயில்வே குமாஸ்தாவாகச் சேர்ந்த என்னை நிறுத்தியிருக்கிறார்கள். ஆயினும், ஐந்தாம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்போர் நம் காலனியில் படும் பாட்டை அன்றாடம் காண்பவன் நான்.

பிள்ளையை நவோதயாத் தேர்வு எழுதச் செய்வதா, கேந்திரீய வித்யாலயாவிலேயே படிக்க விடுவதா என்பது அவர்கள் கவலை. முன்னது, பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து விடுதியில் தங்கவைத்துப் படிப்பிக்கும் பள்ளி; 1985-86இல் அரியானாவின் ஜஜ்ஜரிலும், நம் அண்டை மாவட்டமான அமராவதியிலும் முதன்முதல் தோன்றியது. பின்னது, மாற்றலாகும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கென 1963 முதல் நடந்து வருவது. இரண்டிலும் பாடத்திட்டம் ஒன்றே. பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளும் ஒன்றே. ஆதலின் அங்கே வேறொரு பெரும் படிப்பு இருப்பதாக எண்ணி ஏங்க வேண்டுவதில்லை.

ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வு இரண்டு மணி நேரம், வினாக்கள் 80. அவற்றுள் பாதி உருவப் படங்கள்: எது வேறுபட்டது, அடுத்து எது வரும் என்பன. 20 கணக்கு, 20 மொழி. ஒரே முறைதான் எழுதலாம். ஒரு பள்ளிக்கு 80 இடமென்றால், அதில் 60 கிராமப் பிள்ளைகளுக்கு. அது நியாயமே, அவர்களை மனத்திற்கொண்டே அப்பள்ளி ஏற்பட்டது. எஞ்சிய 20க்குள்தான் மாவட்டத்து நகரப் பிள்ளைகளோடு நம் பிள்ளையும் போட்டியிட வேண்டும். இக்கணக்கை எண்ணிப் பாராமல், பட்டியலில் பெயர் வராத பத்து வயதுக் குழந்தையை 'மக்கு' என்று விடுகிறோம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர் எதிரிலும் சொல்கிறோம். பயிற்சி வகுப்புக்குக் கட்டிய பணம் போனதே என்று அங்கலாய்ப்பது வேறு! பணம் மீண்டும் வரும். அக்குழந்தையின் முகம் பழையபடி மலர நாளாகும்.

சரி, தெரிவாகிவிட்டால்? பதினொரு வயதில் வீட்டைப் பிரிய வேண்டும். விடுமுறையிலும் குறித்த நாட்களிலுமே பெற்றோரைக் காணலாம். ஒன்பதாம் வகுப்பில் நூற்றுக்கு 30 பேரை, இந்தி வழங்கும் மாவட்டத்துக்கும் வழங்காத மாவட்டத்துக்குமிடையே மாற்றி அனுப்புவதும் உண்டு. நாட்டைக் காண நல்ல வாய்ப்பென்றே நான் கருதுகிறேன். ஆனால் விடுதியில் தமிழ் பேச யார் இருப்பார்? வீட்டில் பாட்டியிடம் கேட்டு வளரும் தமிழைத் தொலைபேசியில் ஊட்டிவிட முடியுமா? நம் பிள்ளைகளுக்கு இது சிறு இழப்பன்று.

மறுபுறம், அடிக்கடி மாற்றலாகிச் சிறு நிலையங்களில் காலங்கழிப்போர் நம்மிடையே உண்டு. போகுமிடத்தில் கேந்திரீய வித்யாலயா இருந்தால் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வர்; அது இல்லாத ஊராயின் திண்டாட்டமே. அத்தகையோர் பிள்ளை, கொடுத்ததை உண்டு எவரோடும் பழகும் இயல்பினதாயின், பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரே இடத்தில் படிக்கலாம். எட்டாம் வகுப்புவரை உணவும் உறைவிடமும் இலவசம். பின்னர் மாதந்தோறும் விகாஸ் நிதி கட்ட வேண்டும், அரசு ஊழியருக்கு அது கூடுதல். அம்மாவின் முந்தானையை விடாத பிள்ளையை மட்டும் அண்டை வீட்டுப் பெருமைக்காக அனுப்பிவிடாதீர்கள்.

விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பத்தோடு பிள்ளையின் கையொப்பமும் கேட்கிறார்கள். அதை இடச்செய்வதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பள்ளிக்கு அழைத்துப் போய், அனுமதி பெற்று விடுதியையும் சாப்பாட்டுக் கூடத்தையும் காட்டி வாருங்கள். திரும்பும் வழியில் பிள்ளை என்ன பேசுகிறது என்று கேளுங்கள்.