மாக்கோழியும் பொம்மை வாளும்

(மணவாள நகரில் நடைபெற்ற மகாவீரர் நிர்வாண நாள் விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு, சிறு குழந்தைகள் காணும் சண்டைக் கேலிச்சித்திரப் படங்களைப் பற்றியது. அருளுரை நிகழ வேண்டிய மேடையில் இது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். வந்தவாசிப் பக்கத்திலிருந்தும் செய்யாற்றுப் பக்கத்திலிருந்தும் தொழிற்சாலை வேலையை நம்பித் திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வந்து குடியேறிய நம் வீடுகளில், தந்தை இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்குகிறார். தாத்தாவும் பாட்டியும் ஊரில் இருக்கின்றனர். குழந்தையின் கையில் கைப்பேசி இருக்கிறது. முன்பு பாட்டி சொன்ன கதையை இன்று அக்கருவி சொல்கிறது. ஆகவே அது என்ன கதை என்று கேட்பது நம் கடமையாகிறது.

முதலில் இவ்வகைப் படங்களின் பிறப்பைச் சிறிது அறிந்துகொள்வோம். பொதுவாகக் கதை பிறந்து, அதன் புகழால் பொம்மை பிறக்கும். இங்கோ பொம்மை முதலில் பிறந்தது. 1982இல் அமெரிக்க மேட்டல் நிறுவனம் ஹீ-மேன் பொம்மைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றை விளக்கும் தொடர் 1983இல் வந்தது. பின்னர் நம் தூர்தர்சனிலும் அதைக் கண்டவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். ஹாஸ்புரோ நிறுவனம் ஜப்பானிய பொம்மைகளை வாங்கி, டிரான்ஸ்பார்மர்ஸ் என்று பெயரிட்டு, 1984இல் பொம்மையையும் தொடரையும் ஒருசேர வெளியிட்டது. அதற்கு முன் 1969இல் பொம்மைக் கார்களை மையமாக வைத்து ஒரு தொடர் வந்தபோது, இது நிகழ்ச்சியன்று, அரைமணி நேர விளம்பரம் என்று அந்நாட்டு ஒளிபரப்பு ஆணையமே கண்டித்தது. 1984இல் அதே ஆணையம் தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதன்பின் இத்தகைய தொடர்கள் பெருகின.

பேபிளேடு நம் பிள்ளைகள் நன்கறிந்தது. ஜப்பானின் பழைய பம்பரத்தைப் புதுக்கி 1999இல் டகாரா நிறுவனம் விற்றது. தொடர் 2001இல் வந்தது. நம் பம்பர ஆட்டத்திலும் ஆக்கர் குத்துவது உண்டு, தோற்றவன் பம்பரம் குழி விழுந்து கிடக்கும்; அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு பம்பரமும் ஒரு சாட்டையும் ஒரு சிறுவனுக்கு ஓராண்டு போதும். இங்கே ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு புதுப் பம்பரம், ஒவ்வொரு பம்பரத்துக்கும் மாற்று உறுப்புகள். கதை முடிந்தால் விற்பனை முடியும்; ஆதலால் கதை முடிவதில்லை.

இதை எந்த அளவுகோலால் அளப்பது? வெளியே தேட வேண்டியதில்லை. சமந்தபத்திராச்சாரியார் இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும், அதன்வழி நம் அருங்கலச்செப்பிலும் இல்லறத்தார்க்கு அனர்த்த தண்ட விரதம் கூறப்பட்டுள்ளது. பயனின்றிச் செய்யும் தீங்கைத் தவிர்த்தல் அது. அதன் ஐந்து வகையுள் மூன்று இப்பொருளைத் தொடுகின்றன. வாள், கோடரி போன்ற கொலைக் கருவிகளைப் பிறர்க்கு வழங்குதல் ஹிம்சாதானம். பிறர் அடிபட வேண்டும், கட்டுண்ண வேண்டும் என்று உள்ளத்தில் எண்ணுதல் அபத்யானம். மனத்தைக் கலக்கும் கதைகளைக் கேட்டல் துச்சுருதி. இத்துச்சுருதிக்கு ஆச்சாரியார் கூறும் காரணங்களில் பொருட்பற்றும் சாகசமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இன்று தொடர்களுக்குச் சூட்டும் பெயரே சாகசம் என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

"பொம்மை வாள்தானே, யாருக்கு வலிக்கிறது?" என்று ஓர் இளம் தாய் என்னிடம் கேட்டார். யசோதர காவியம் எடுத்துக்கொண்ட கேள்வியே இது. உயிர்க்கொலைக்கு இசையாத மன்னன், தாயின் வற்புறுத்தலுக்காக மாவினால் செய்த கோழியை வெட்டினான். மாவில் உயிரில்லை. ஆனால் வெட்டும் எண்ணத்தில் கொலை இருந்தது. தாயும் மகனும் மயிலும் நாயுமாகப் பிறந்து பல பிறவிகள் உழன்றனர். குழந்தையின் விளையாட்டை மன்னனின் சங்கல்பத்தோடு ஒப்பிடுவது மிகை என்பதை அறிவேன். நான்கு வயதுக் குழந்தைக்குச் சங்கல்பம் இன்னும் உருவாகவில்லை. உருவாகிக்கொண்டிருக்கும் காலம் அது என்பதுதான் என் கவலை.

1961இல் ஆல்பர்ட் பாந்துரா என்னும் உளவியலறிஞர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 72 சிறு குழந்தைகளை ஆராய்ந்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைக் கண்ட குழந்தைகள், அதே அடியையும் அதே சொற்களையும் பின்னர்த் திருப்பிச் செய்தனர். 1963இல் அவர் திரைப்படத்தையும் கேலிச்சித்திரப் பாங்கிலான படத்தையும் காட்டிப் பார்த்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. பொம்மையை அடித்த குழந்தை நாளை மனிதரை அடிக்கும் என்பது இவற்றால் நிறுவப்படவில்லை. அவ்வாறு அச்சுறுத்துவோருடன் நான் உடன்படமாட்டேன். கண்டதைக் கை கற்கிறது என்பதுவரை தெளிவு.

போர் உள்ள கதை எல்லாம் கூடாது என்றால் நம் சீவக சிந்தாமணியையே மூடிவைக்க வேண்டும். சீவகன் போரிடுகிறான், கட்டியங்காரனைக் கொல்கிறான். ஆனால் அக்கதையில் இறந்தவன் இறந்தவனே. அரசு பெற்றவனும் இறுதியில் அதைத் துறக்கிறான். பொம்மைத் தொடரில் நூறு முறை வீழ்ந்தவன் நூற்றொன்றாம் முறை புதுக் கவசத்தோடு எழுகிறான், ஏனெனில் அக்கவசம் கடையில் இருக்கிறது. ஹீ-மேன் தொடரின் முடிவில் ஒரு நீதி சொல்வார்கள். அவன் வாளால் எவரையும் வெட்டுவதும் அரிது. அந்த நாணயத்தைப் பாராட்டலாம். எனினும் இருபது நிமிடப் பூசலுக்குப் பின்வரும் அரை நிமிட நீதியைக் குழந்தை கேட்கிறதா என்பது வேறு.

1994ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகள், குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் வெளிப்படையான வன்முறைக் காட்சி இராதவாறு கவனம் கொள்ளச் சொல்கின்றன. சுவீடனில் 12 வயதுக்குட்பட்டோரை நோக்கிய தொலைக்காட்சி விளம்பரத்துக்கே இடமில்லை. ஆயினும் கைப்பேசியில் ஓடுவதை விதி காவல் செய்யாது. வீட்டார்தான் செய்ய வேண்டும்.

என் கருத்தைச் சொல்கிறேன். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு இத்தொடர்கள் வேண்டா. இரண்டு முதல் நான்கு வயது வரை எந்தத் திரையும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியிருப்பதையும் நினைவிற்கொள்க. ஆறு, ஏழு வயதில் முற்றிலும் தடுத்தால் பள்ளியில் தோழர் பேச்சில் குழந்தை தனித்துவிடும். அந்தத் தாயின் அச்சம் நியாயமானது. அப்போது உடன் அமர்ந்து பாருங்கள். அடிபட்டவனுக்கு வலித்திருக்குமா, இவன் ஏன் பேசிப் பார்க்கவில்லை, இதை எடுத்தவர்கள் எதை விற்கிறார்கள் என்று கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளை கடைசிக் கேள்விக்கு நம்மைவிட விரைவாக விடை சொல்லும்.

நீரை வடிகட்டுகிறோம், கிழங்கை விலக்குகிறோம், பொழுது சாயுமுன் உண்கிறோம். அதே வீட்டில், பெருமான் வீடுபேறடைந்த இந்நாளில், பொட்டு வெடித் துப்பாக்கியை வாங்கித் தருவது மாமனோ சித்தப்பாவோதான். விருந்தாக வந்தவரைக் குழந்தையின் முன் கடிந்துகொள்ள வேண்டா. அடுத்த தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னரே தொலைபேசியில் அழைத்து, பையனுக்குப் பம்பரமும் சாட்டையும் வாங்கி வாருங்கள், சுற்றக் கற்றுக்கொடுக்க நீங்களே இரண்டு நாள் தங்குங்கள் என்று சொல்லிவிடுங்கள்.